தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரிக்கு ஆறு பேர்

வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகம் எதைப் புரட்டினாலும் ஒரே பல்லவிதான். பனி உருகினதும் மண்ணைக் கிளறு, வசந்தம் வந்ததும் விதையைப் போடு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா செங்கல்பட்டுல எங்கேங்க பனி உருகுது? மார்கழி விடியலில் ஒரு மஃப்ளர், பைக் சீட்டுல கொஞ்சம் ஈரம். நம்ம குளிர்காலம் அவ்வளவுதான் :-)

ஆனாலும் தோட்டம் முடங்கிக் கிடக்கிற காலம் ஒன்று நமக்கும் உண்டு. அது ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலம். மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் நல்லாவே தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது மார்கழியில். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் கார்த்திகையில். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்ததும் கார்த்திகையில்தான். அங்கே பனி செய்வதை இங்கே மழையும் காற்றும் உப்பும் செய்யுது.

அதனால நம்ம 'வசந்தம்' தையிலேயே ஆரம்பிச்சிடும். விவசாயிகள் இதற்குப் பெயரே வைத்திருக்காங்க. தஞ்சாவூர்க்காரங்க குறுவை, தாளடி என்று சொல்வாங்க. நம்ம பக்கம் மழை முடிஞ்சு மார்கழி, தையில் ஆரம்பிக்கிறது நவரை. சித்திரையில் ஆரம்பிக்கிறது சொர்ணவாரி. வீட்டுக் கொல்லைக்கும் நவரைக் கணக்குதான் சரிப்படும். அக்னி நட்சத்திரம் வர்றதுக்குள்ள காய் பறிச்சு முடிச்சிடணும்.

தையில் கொல்லைக்குள் போய்ப் பார்த்தா, மூணு மாச மழையில் மண் இறுகிப்போய் மேலே பாசி படிந்திருக்கும். சத்தெல்லாம் தண்ணியோட இறங்கிப் போயிருக்கும். கொத்திப் புரட்டி நாலு நாள் வெயில் காட்டணும். மக்கின சாண எரு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போடணும். அப்புறம் வெண்டை, கொத்தவரை, கீரை, பூசணி ஊன்றலாம். மணல் பாங்கான இடம்னா தர்பூசணி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ நாம மறந்துட்ட ஒரு பொருள் இருக்கு: ஏரி வண்டல்.

எங்க தெருவில் ஒரு பெரியவர் சொல்வார்: "தம்பி, கோடையில ஏரி வத்தினா மாட்டு வண்டி கட்டிட்டுப் போவோம். நாலு நடை வண்டல் கொல்லையில கொட்டிட்டா ரெண்டு மூணு வருஷத்துக்குக் கவலையில்ல." மழை கொல்லையிலிருந்து அடிச்சுட்டுப் போன சத்து ஏரியில் போய்ப் படியுது. கோடையில் அதையே திரும்ப எடுத்துட்டு வந்து போடறாங்க. ஏரிக்கு ஆழம், கொல்லைக்கு உரம். ஒரே வேலையில் ரெண்டு லாபம்.

இதை யோசிக்கும்போதுதான் உத்திரமேரூர் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. இன்றைக்கு அது காஞ்சிபுரம் மாவட்டம், ஒரு காலத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்த ஊர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிச்சிருப்போம். முப்பது குடும்பு, குடத்துக்குள் ஓலை, ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்றது. அதோட பாடம் முடிஞ்சிடும், அடுத்தது மணி அடிச்சிடும்.

தேர்ந்தெடுத்த முப்பது பேர் என்ன செய்தாங்க? பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுப் பொறுப்பு. பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியம்.

கவனிச்சீங்களா? ஏரிக்கு ஆறு பேர், தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்! அதுமட்டுமில்ல, முன்னே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்தவங்க, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவங்கதான் ஆண்டு வாரியத்துக்குப் போக முடியும். பெரிய நாற்காலிக்கு வழி தோட்டத்து வழியாத்தான். பொறுப்பு 360 நாள். கணக்கு ஒப்படைக்காதவருக்கு மறுபடி இடமில்லை, அவர் சொந்தக்காரங்களுக்கும் இல்லை.

அப்படியே மெய்மறந்து பொற்காலம்னு எழுதிடவும் கூடாது. அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35லிருந்து 70க்குள் வயசு, வேதக் கல்வி எல்லாம் கேட்டாங்க. மண்ணைக் கொத்தினவங்க பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. பெண்களுக்கும் இடமில்லை. அங்கே தோட்டம்னா ரோஜாத் தொட்டியும் இல்லை, ஊரின் தோட்ட நிலங்கள்.

ஆனாலும் ஒரு விஷயம் அந்தக் கல்லில் தெளிவா இருக்கு. தோட்டமும் ஏரியும் ஊர்ப் பொதுக் காரியம், ரெண்டுக்கும் ஒரே குடத்திலிருந்துதான் ஆள் எடுத்தாங்க. அதே ஊரின் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம்னு பேர். அதில் தூர் வாருவதற்காகப் பொன் கொடுத்த செய்தியும் அங்கே கல்வெட்டில் இருக்கு. எடுத்த வண்டல் எங்கே போச்சுன்னு கல் சொல்லலை. தோட்டத்துக்குத்தான் போயிருக்கும்ங்கறது என் ஊகம்.

உப்பு ஏறின மண்ணுக்கும் மருந்து தண்ணிதான். சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல வரப்பு கட்டி நல்ல தண்ணி தேக்கி வடிச்சாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாங்க. 2005ல் கொட்டித் தீர்த்த மழையும் உப்பைக் கழுவிவிட்டது. நல்ல தண்ணி நிற்க ஓர் இடம் பக்கத்தில் இருந்தா கொல்லை பிழைச்சுக்கும். அது இல்லைன்னா எத்தனை மூட்டை உரம் வாங்கினாலும் ஆகாது.

இப்போ நாம என்ன செய்யறோம்? ஏரிக்குள்ள மனை போட்டோம், கிணற்றை மூடினோம். அப்புறம் காசு கொடுத்து 'செம்மண்' மூட்டை வாங்கறோம். போன வருஷம் நான் வாங்கின மூட்டையில் பாதி செங்கல் தூள். பேர் செங்கல்பட்டு ஆச்சே, பொருத்தம்தான் :-) உண்மையில் செங்கழுநீர்ப்பட்டுங்கறதுதான் அப்படி ஆச்சுன்னு சொல்வாங்க. குளத்துப் பூவின் பேர் செங்கல்லாகிப் போச்சு.

ஒரு நல்ல சேதி. 2017ல் தமிழக அரசு ஏரி, குளங்களில் வண்டல் மண்ணை இலவசமா எடுக்க விதியைத் திருத்தியது. 2024ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம்னு எளிதாக்கியது. ஒரு கொல்லைக்காக ஒருத்தர் அலைஞ்சா அலுப்புதான் மிஞ்சும். தெருவுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்தா ஒரு டிராக்டர் நடைக்குப் போதும். கணக்கையும் ஒழுங்கா எழுதி வைக்கலாம், உத்திரமேரூர்க்காரங்க மாதிரி.

இந்தத் தையில் கொத்திப் புரட்டியாச்சு, வெண்டை முளைச்சாச்சு. சித்திரையில் ஏரி வற்றும். அதுக்குள்ள மிச்சம் பதினோரு பேரைப் பிடிக்கணும்.