ரெய்டு 10 உருவான விதம்

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதி வைப்பதுதான் மிரரிங். அமெரிக்காவின் டாண்டம் நிறுவனம் 1976இல் விற்பனைக்கு விட்ட நான்ஸ்டாப் கணினிகளில் இந்த வசதி இருந்தது. ஒரு வட்டு பழுதானாலும் மற்றொன்றைக் கொண்டு வேலை தொடர்ந்தது. ஆனால் வட்டுச் செலவு இரட்டிப்பானது.

ஸ்ட்ரைப்பிங் என்ற மற்றொரு முறை வேகத்துக்காகப் பிறந்தது. ஒரு கோப்பைத் துண்டுகளாக்கிப் பல வட்டுகளில் பரப்பினால், எல்லா வட்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கென்னத் சேலம், ஹெக்டர் கார்சியா-மொலினா இருவரும் 1986இல் இதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். இம்முறையில் ஒரு வட்டு போனாலும் தரவு முழுவதும் பயனற்றுப்போகும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை இந்த ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு வட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், 100 வட்டுகள் கொண்ட தொகுப்பில் சராசரியாக 300 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு வாரத்துக்குள், ஏதேனும் ஒன்று பழுதாகும். இதற்குத் தீர்வாக 'ரெய்டு' என்ற பெயரில் ஐந்து நிலைகளை அவர்கள் வகுத்தனர். மிரரிங் முதல் நிலை. சரிபார்ப்புத் தரவை எல்லா வட்டுகளிலும் பரப்புவது ஐந்தாம் நிலை. பாதுகாப்பற்ற ஸ்ட்ரைப்பிங்குக்கு ரெய்டு 0 என்ற பெயரும், இரண்டும் இணைந்த அமைப்புக்கு ரெய்டு 10 என்ற பெயரும் பின்னர் வழக்கில் வந்தவை.

இணைக்கும் வரிசை முக்கியம். நான்கு வட்டுகளை இரண்டு மிரர் ஜோடிகளாக்கி, அவற்றின்மேல் தரவைப் பரப்புவது ரெய்டு 10. இதில் ஒரு வட்டு பழுதானபின், மீதி மூன்றில் அதன் ஜோடி போனால் மட்டுமே தரவு அழியும். முதலில் இரண்டிரண்டாகப் பரப்பி, பிறகு அத்தொகுப்புக்கு நகல் வைப்பது ரெய்டு 0+1. அதில் ஒரு வட்டு போனதும் அதன் தொகுப்பே செயலிழக்கும். மறுபக்கத்து இரண்டில் எது போனாலும் இழப்புதான். பழுதான வட்டை மாற்றும்போதும் ரெய்டு 10இல் ஒரே ஒரு வட்டை நகலெடுத்தால் போதும்.

ஐந்தாம் நிலையான ரெய்டு 5இல் ஒரு சிறிய மாற்றத்தை எழுத நான்கு வட்டுச் செயல்கள் தேவை. ரெய்டு 10இல் இரண்டே. அதனால் மொத்தக் கொள்ளளவில் பாதியை இழந்தும், ஓயாமல் எழுதப்படும் தரவுத்தளங்களுக்கு ரெய்டு 10 விரும்பப்படுகிறது. ஆயினும் தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டுகளிலும் ஒருசேர அழியும். தனியே எடுத்துவைக்கும் காப்பு நகலுக்கு எந்த ரெய்டும் மாற்றாகாது.