சொல்லும் ஈடும்: வயூ மக்களின் நீதிமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னிப்பு என்பதனைத் தனிமனித உள்ளத்தில் நிகழும் அறநிகழ்ச்சியாகக் கொள்வது பெருஞ்சமயங்களின் வழியே நமக்குப் பழக்கமாகிவிட்ட நோக்காகும். ஆயின் அரசதிகாரத்துக்கு முற்றாக அடங்காத சமுதாயங்களில் அது ஒரு சமூக உறவாகவே தொழிற்பட்டு வந்துள்ளது. கொலம்பியா, வெனிசுவேலா ஆகிய இரு நாடுகளின் எல்லைக்கோட்டாற் பிளவுண்டு கிடக்கும் குவாஹிராத் தீபகற்பத்தின் வயூ மக்கள் இதற்குத் தக்க சான்றாவர்.

அறவாக் மொழிக் குடும்பத்தைச் சார்ந்த மொழியைப் பேசும் இம்மக்கள் தாய்வழிக் குலங்களாக வாழ்பவர்கள். கொலை, காயம், களவு, அவதூறு ஆகியன நிகழுமிடத்து அவை தனியொருவருக்கு இழைக்கப்பட்ட தீங்காக மாத்திரமன்றி, அவரது தாய்வழிச் சுற்றத்தார் அனைவருக்கும் இழைக்கப்பட்ட தீங்காகவே கருதப்படும். பொறுப்பும் அவ்வாறே தீங்கிழைத்தவரின் சுற்றத்தார் அனைவரையும் சாரும். இருசாராருக்குமிடையே ‘புத்சிப்பூயி’ எனப்படுபவர் தூது செல்வார். ‘புத்சி’ என்பது சொல் எனப் பொருள்படும். சொல்லைக் கையாள்பவர் என்பதே அப்பெயரின் கருத்து. அவர் நீதிபதியல்லர். தீர்ப்பு வழங்கும் அதிகாரமோ, அதனை நிறைவேற்றும் படையோ அவரிடம் இல்லை. கோரிக்கையை எடுத்துரைத்து, மறுமொழியைக் கேட்டு, உடன்பாடு காண்பதே அவர் பணியாகும். கால்நடைகளும் கழுத்தணிகளும் மணிக்கற்களும் ஈடாக வழங்கப்படும். ஈடு கைமாறிய பின்னரே பகை தீரும். எனவே இங்கு மன்னிப்பு என்பது நீதிக்கு மாற்றன்று. நீதி நிறைவுற்றதன் விளைவேயாகும். இம்முறைமையை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டு மானிடரின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

எனினும், இதனைக் காலங்கடந்த ஆதிப் பொதுவுடைமையின் எச்சமாகக் கொள்வது பொருந்தாது. ஈடாகக் கொடுக்கப்படும் மாடும் ஆடும் ஐரோப்பியர் வருகையுடன் அம்மண்ணுக்கு வந்தவை. வேட்டை, மீன்பிடி ஆகியவற்றோடு கால்நடை வளர்ப்பையும் தமதாக்கிக்கொண்ட வயூ மக்கள், ஒல்லாந்தருடனும் ஆங்கிலேயருடனும் வணிகம் செய்து துப்பாக்கிகளைப் பெற்று, ஸ்பானிய ஆட்சியை நெடுங்காலம் எதிர்த்து நின்றனர். 1769ஆம் ஆண்டின் பேரெழுச்சி இதன் உச்சமாகும். அதேவேளை கால்நடைச் சொத்து குலங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வையும் வளர்த்தது. செல்வமும் செல்வாக்கும் மிக்க குலத்தவர் ஒருவரின் உயிருக்குக் கோரப்படும் ஈடு, வறிய குலத்தவர் ஒருவரின் உயிருக்குக் கோரப்படுவதிலும் மிகுதியானது. 1884இல் வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில் எங்கெல்ஸ், இரோகுவா மக்களிடையே கொலைப்பழி வருத்தந் தெரிவித்தலாலும் பரிசுப் பொருள்களாலும் தீர்க்கப்பட்டதைச் சுட்டுகிறார். வயூ மரபு அத்தகையதேயாயினும், சொத்துடைமையின் முத்திரை அதில் ஆழப் பதிந்துள்ளது. எல்லா உயிரும் சமம் என்னும் மனித உரிமைக் கோட்பாடு இம்மரபை நோக்கி எழுப்பும் வினா நியாயமானதே.

ஆயின் அக்கோட்பாட்டைப் பேசும் அரசுகள் இம்மக்களுக்கு எதனை அளித்தன என்பதும் வினாவுக்குரியது. கொலம்பியாவின் 1991ஆம் ஆண்டு அரசியலமைப்பும் வெனிசுவேலாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பும் பழங்குடிகளின் நீதியதிகாரத்தை ஏற்றுக்கொண்டன. 2004 ஏப்ரல் 18ஆம் நாள் போர்த்தேத்தே விரிகுடாப் பகுதியில் வலதுசாரித் துணை இராணுவக் குழுவினர் குறைந்தது அறுவரைக் கொன்றனர். அவர்களுள் நால்வர் பெண்கள். நூற்றுக்கணக்கானோர் எல்லை கடந்து மரக்காய்போ நகருக்கு ஓடினர். குலப்பகையின்போதும் பெண்களைத் தீண்டாதிருத்தலும், இறந்தோரின் உடல்களைப் பெண்களே சென்று மீட்டலும் வயூ மரபாகும். அம்மரபே அன்று தாக்கப்பட்டது. தூது செல்வதற்கு எதிர்த்தரப்பில் ஒரு குலம் இருத்தல் வேண்டும். கூலிக்குக் கொல்லும் படைக்குக் குலம் ஏது? 2005ஆம் ஆண்டின் ‘நீதி, சமாதானச் சட்டம்’ குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆயுதக் குழுவினருக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரையிலான குறைந்த தண்டனையை வகுத்தது. பாதிக்கப்பட்டோருக்கான ஈடு பற்றியும் அச்சட்டம் பேசிற்று. எனினும் அதன் அளவை நிர்ணயித்தது அரசேயன்றி, இருசாராரும் முகங்கொடுத்துப் பேசிக் கண்ட உடன்பாடன்று.

இதே விரிகுடாவின் துறைமுகத்துக்கே செரெஹோன் சுரங்கத்தின் நிலக்கரி ஏறக்குறைய 150 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை வழியாக 1980கள் தொட்டுச் சென்றுவந்துள்ளது. நிலக்கரி உலகச் சந்தைக்குச் செல்லும் அதே நிலத்தில் குழந்தைகள் நீரும் உணவுமின்றி மாண்டனர். 2015இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணைக்குழு அவர்களைப் பாதுகாக்கும் முற்காப்பு நடவடிக்கைகளைக் கோரியது. 2017இல் கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், வயூச் சிறுவரின் நிலை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

வயூ நீதிமரபு நமக்கு உணர்த்தும் உண்மை எளியது. தீங்கு ஒப்புக்கொள்ளப்பட்டு, இழப்பு ஈடுசெய்யப்பட்ட பின்னரே மன்னிப்புப் பற்றிப் பேசவியலும். அதற்கு முன்னர் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்பை வேண்டுவது, அவர்களை வாய்மூடி இருக்குமாறு பணிப்பதேயாகும். குலங்களுக்கிடையே இவ்வுண்மையை நிலைநாட்ட ஒரு தூதரின் சொல் போதுமானதாயிருந்தது. மூலதனத்தையும் அரசையும் அச்சொல்லுக்குச் செவிசாய்க்கச் செய்வதற்கு அமைப்பாகத் திரண்ட மக்கள் சக்தி வேண்டும்.