இந்தியாவின் நிலக்கரி வயல்களும் அவற்றில் உழைத்த மக்களும்

இந்திய வரைபடத்தில் நிலக்கரி வயல்களைக் குறிக்கும் பயிற்சியை நம் பள்ளி மாணாக்கர் ஆண்டுதோறும் செய்து வருகின்றனர். இராணிகஞ்ச், ஜாரியா, பொக்காரோ, தால்ச்சர், சிங்கரேணி, நெய்வேலி என்னும் பெயர்களை நெட்டுருச் செய்து உரிய இடத்தில் கரும்புள்ளி வைத்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அப்புள்ளிகள் ஏன் அவ்விடங்களில் அமைந்தன என்பதைப் புவியியல் கூறும். அங்கிருந்த செல்வம் எவ்வழியே எவரிடம் சென்றது என்பதை வரலாறுதான் கூற வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கை செய்த பங்கீடு

நிலக்கரி என்பது பண்டைக் காடுகளின் எச்சம். சதுப்பு நிலங்களில் செழித்த மரஞ்செடிகள் மடிந்து வீழ்ந்தன. அவற்றின்மேல் மணலும் சேறும் படிந்தன. அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அவை கரியாயின. இந்திய நிலக்கரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்குமேல் கோண்டுவானாப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 25 கோடி முதல் 30 கோடி ஆண்டுகள் எனலாம். நிலம் தாழ்ந்து அமிழ்ந்த நீண்ட பள்ளங்களில் அப்படிவுகள் அழியாது தங்கின. இன்றைய தாமோதர், சோன், மகாநதி, வார்தா, கோதாவரி ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் அப்பழம் பள்ளங்களை ஒட்டியே அமைந்துள்ளன. ஆதலின் நிலக்கரி நாடெங்கும் பரவாமல் கிழக்கிலும் நடுவிலும் சில பட்டைகளாகவே கிடக்கின்றது.

தாமோதர்ப் பள்ளத்தாக்கில் இராணிகஞ்ச், ஜாரியா, பொக்காரோ, கரன்புரா வயல்கள் உள்ளன. எஃகு உருக்குவதற்கு ஏற்ற உயர்ந்த கல்கரி நிலக்கரிக்கு ஜாரியாவே தலையாய இடம். சோன், மகாநதிப் பகுதிகளில் சிங்ரௌலி, கோர்பா, தால்ச்சர், இப் பள்ளத்தாக்கு ஆகியவை உள்ளன. வார்தாப் பகுதியில் சந்திரப்பூரும், கோதாவரிப் பகுதியில் சிங்கரேணியும் குறிப்பிடத்தக்கவை. ஒடிசா, சார்க்கண்டு, சத்தீசுகர் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் நாட்டின் நிலக்கரி வளத்தில் பத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு அடங்கும். அசாமிலும் மேகாலயத்திலும் கிடைப்பது வயதில் இளையது, கந்தகம் மிகுந்தது. பழுப்பு நிலக்கரியோ தமிழ்நாடு, இராசத்தான், குசராத்து மாநிலங்களில் உள்ளது. அதில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு தமிழ்நாட்டிற்கு உரியது.

கோண்டுவானா என்னும் பெயர் நடு இந்தியாவில் வாழும் கோண்டுப் பழங்குடியினரின் நாட்டைக் குறிப்பதாகும். தென்கோளத்தின் பழம்பெரும் கண்டத்திற்கே உலக அறிஞர் அப்பெயரைச் சூட்டினர். பெயர் உலகெங்கும் பரவியது. அம்மக்கள் வாழ்வில் அப்பெருமை வந்து சேரவில்லை.

மனிதர் செய்த பங்கீடு

1774ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி என்போர் இராணிகஞ்ச் பகுதியில் கரி எடுக்க உரிமை பெற்றனர். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1836இல் துவாரகநாத் தாகூர் இராணிகஞ்ச் சுரங்கத்தை விலைக்கு வாங்கினார். 1843இல் வங்காள நிலக்கரிக் கம்பெனி உருவாயிற்று. 1851இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கியதற்கும் நிலக்கரித் தேவையே முதன்மையான காரணம். 1855இல் கல்கத்தாவிலிருந்து இராணிகஞ்சுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. ஜாரியாவுக்கு 1894இல் இருப்புப்பாதை வந்தது. அடுத்த பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அது இராணிகஞ்சை விஞ்சியது. கரி பூமிக்குள் கிடந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துச் செல்ல வழி வேண்டும் என்பதற்கு இது சான்று.

1793ஆம் ஆண்டின் நிலையான நிலவரித் திட்டத்தால் வலுப்பெற்ற ஜமீன்தார்கள் நிலத்தடிச் செல்வத்திற்கும் உரிமை கொண்டாடிக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். மேலே உழுதவனுக்குக் கீழே இருந்ததில் பங்கில்லை. வங்காள நிலக்கரிக் கம்பெனி தானே ஜமீன் நிலங்களை வாங்கியது. சுரங்கத்தில் வேலை செய்ய வேண்டும் என்னும் நிபந்தனையோடு குடிகளுக்குச் சிறு நிலங்களை விட்டது. வேலைக்கு வாராதவன் நிலத்தை இழப்பான். நம் நாட்டுப் பண்ணையாள் முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சுரங்கத்துள் இறங்கியவர்கள்

முதன்முதல் சுரங்கத்துள் இறங்கியவருள் பெரும்பாலோர் பவுரி வகுப்பினரும் சந்தால் பழங்குடியினரும் ஆவர். பவுரிகள் இன்று மேற்கு வங்கத்தில் பட்டியல் வகுப்பினராக விளங்குகின்றனர். கணவன் கரியை வெட்டுவான். மனைவி கூடையில் சுமப்பாள். குடும்பமே இருளில் உழைத்தது. பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை ஒழிக்க 1929இல் விதி வகுக்கப்பட்டது. 1937இல் தடை முழுமை பெற்றது. ஆனால் கூடை சுமந்த பெண்ணுக்கு மாற்று வேலை எதுவும் ஏற்பாடாகாமையால் குடும்பத்தின் வருவாயும் குறைந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கரித் தட்டுப்பாடு நேர, 1943இல் அத்தடை தளர்த்தப்பட்டது. அந்நாளில் அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். போர்க்கால நெருக்கடியைச் சட்டமன்றத்தில் எடுத்துரைத்த அவர், பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகரான கூலி உண்டு என்பதையும் அங்கே வலியுறுத்தினார். 1943 டிசம்பரில் அவர் நிலக்கரி வயல்களுக்கு நேரில் சென்று சுரங்கத்துள் இறங்கிப் பார்த்தார். 1944 சனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் பிறந்தது. வெட்டியெடுக்கும் கரியின்மீது வரி விதித்து, அத்தொகையைத் தொழிலாளரின் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடுவது அதன் கருத்து. 1946இல் பெண்கள் மீதான தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

விடுதலைக்குப் பின்னரும் துன்பம் முற்றும் தீர்ந்திலது. 1965இல் தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் மாண்டனர். 1975 டிசம்பர் 27ஆம் நாள் சாஸ்நாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. ஜாரியாவில் 1916இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ நூறாண்டு கடந்தும் அணையவில்லை. கல்கரிச் சுரங்கங்கள் 1972இலும் ஏனையவை 1973இலும் நாட்டுடைமையாயின. 1975இல் இந்திய நிலக்கரி நிறுவனம் தோன்றியது.

தெற்கின் நிலை

சென்னை மாகாணத்தில் கரி வெட்டும் தொழில் வளரவில்லை. கரி தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தமையால் ஆலைகளுக்குச் செலவு மிகுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் தொடங்கிய பின்னரே கோவை வட்டாரத்து நூற்பாலைகள் வேகமாகப் பெருகின. அண்டையிலிருந்த ஐதராபாத் நாட்டில் வில்லியம் கிங் கண்டறிந்த கோதாவரிக் கரியைச் சிங்கரேணி நிறுவனம் எடுத்து வந்தது. நெய்வேலியில் 1956இல் நிறுவனம் அமைந்து 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. அங்கும் ஊர்கள் பெயர்ந்தன. நிலமுடையோர்க்கு இழப்பீடு உண்டு. பிறர் நிலத்தில் கூலிவேலை செய்து பிழைத்தவனுக்குக் காட்டப் பட்டா இல்லை. நம் மக்களில் பலர் அந்நிலையினர் என்பதால் இதனை நாம் எளிதில் மறத்தல் இயலாது.

நாம் அறிய வேண்டுவது

1947இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டன்னாக இருந்த நிலக்கரி உற்பத்தி 2024-25ஆம் ஆண்டில் 100 கோடி டன்னைக் கடந்தது. எனினும் கரி மிகுந்த மாவட்டங்கள் பலவற்றில் வறுமை நீங்கவில்லை. 1956 முதல் 1992 வரை எஃகிற்கு நாடெங்கும் ஒரே விலை கிடைக்கும்படி இரயில் கட்டணம் சமன்செய்யப்பட்டமையால், கரியும் இரும்பும் அருகருகே வாய்த்த கிழக்குப் பகுதி தன் இயற்கை வசதியை இழந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி மாவட்டக் கனிம நிதியங்கள் ஏற்பட்டன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோர்க்கு ஒரு பங்கு சேர வேண்டும் என்பது அதன் நெறி. அப்பங்கைக் கணக்குப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர் அவ்வூர்களில் இருந்தால்தான் அந்நெறி நடைமுறைக்கு வரும்.

நிலக்கரி வயலின் நடுவே தன்பாத்தில் 1926இல் சுரங்கவியல் பள்ளி தொடங்கியது. இன்று அது உயர் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகின்றது. கூடை சுமந்தோரின் வழித்தோன்றல்கள் அங்கே பொறியாளராகவும் புவியியலாளராகவும் பயின்று வெளிவருதல் வேண்டும். நிலத்தடிச் செல்வத்தை இயற்கை வைத்த இடத்திலிருந்து நாம் மாற்ற இயலாது. அதன் பயனைப் பங்கிடும் முறையோ மனிதர் வகுத்தது; ஆதலின் மாற்றத்தக்கது. அம்மாற்றத்திற்கான தகுதியை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே கல்வி பரப்பும் சங்கங்களின் தலையாய பணியாகும்.