சூவாப் பட்டணத்து வாடகை மோட்டார்க்காரர்கள்

கடல் கடந்த நம்மவர் சரித்திரம் என்றவுடன் காரைக்கால்வாசிகளுக்கு முதலில் ஞாபகம் வருவன ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுகளேயாம். 1861-ம் வருஷத்து ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின்னர் தஞ்சை ஜில்லாவின் ஏழை ஜனங்கள் இத்துறைமுகத்திலும் கப்பலேறினர். ஆயினும் சென்னைத் துறைமுக வழியே பசிபிக் சமுத்திரத்துப் பிஜித் தீவுக்குச் சென்றவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் சந்ததியார் இன்று ஜீவிக்கும் விதத்தை நேயர்கள் அறிதல் நலம்.

பிஜிக்கு முதற் கப்பலாகிய 'லியோனிடாஸ்' 1879-ல் கல்கத்தாவிலிருந்து சென்றது. சென்னையிலிருந்து ஆளேற்றியது 1903 முதலாம். 1916-ல் கப்பல்கள் நிற்பதற்குள் போய்ச் சேர்ந்தவர் 60,000-த்துக்கு மேல். அவருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் தென்னாட்டார். ஐந்து வருஷ ஒப்பந்தத்தை அவர்கள் 'கிர்மிட்' என்றனர். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று எழுதியிருந்தது; குறித்த வேலை முடியாவிடில் அதுவும் முழுதாய்க் கைக்கு வராது. அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடியதை அறியாதார் யார்? 1920 ஜனவரி 1-ந் தேதி எஞ்சிய ஒப்பந்தங்கள் ரத்தாயின.

அடிமைத்தனம் நீங்கிற்று, பூமியோ கிடைக்கவில்லை. அத்தேசத்து நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பூர்வ குடிகளுடையது. அதனை விற்றல் கூடாது, குத்தகைக்கே விடலாம். குத்தகைச் சீட்டின் அருமையைக் காவேரிப் பாசனத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லையே! 1976-ம் வருஷத்துச் சட்டம் முப்பது வருஷத் தவணை அளித்தது. முந்திய சீட்டுகளின் தவணை 1997 முதல் முடியலாயிற்று. புதுப்பிக்கப் பெறாதவர் பலர் மாட்டையும் கரும்பையும் விட்டுத் தலைநகராகிய சூவாவை அடைந்தனர். கையில் வேறு தொழிலில்லாதவர்க்கு மோட்டார் ஓட்டுவதே புகலிடமாயிற்று.

அத்தொழிலின் முறை இது: வண்டியும் லைசென்ஸும் பெரும்பாலும் ஒருவருடையவை, ஓட்டுபவர் மற்றொருவர். சொந்தக்காரருக்குக் கொடுப்பது போக மிஞ்சுவதே ஓட்டுபவர் கூலி. மழைநாளில் லாபம்; மற்ற நாளில் காத்திருத்தலே வேலை. 'பேஸ்' என்னும் நிலையத்தில் வரிசை நின்று சவாரி பெறுவர். தூரஊர்ச் சவாரி முடித்து வெறுமையாய்த் திரும்புங்கால், வழியில் நிற்போரைத் தலைக்கு இவ்வளவென்று பஸ் கட்டணத்தையொட்டி ஏற்றிக்கொள்வர். இதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். இரவில் கத்தி காட்டிப் பணம் பறிப்போருக்கும் இவர்களே எளிதில் அகப்படுகிறார்கள். பெற்றோரும் மனைவியும் விளக்கேற்றி விழித்திருக்கும் வீடுகள் அங்கே அநேகம்.

அவர்களிடம் குலம் கேட்பீராயின் பலர் விடையறியார். கப்பலில் ஒன்றாயுண்டு 'ஜஹாஜி' உறவு கொண்டவர்களின் பேரர் அவர்கள். இது நம் சங்கத்தாரிற் சிலருக்குக் கசக்கலாம், எமக்குக் கசக்கவில்லை. ஆனால் பாஷைப் பற்று அற்றுப்போகவில்லை. 1926-ல் சாது குப்புசாமி ஸ்தாபித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்கள் வைத்துத் தமிழ் கற்பித்து வந்திருக்கிறது. தெருவில் அவர்கள் பேசுவது மட்டும் பிஜி இந்தியே.

1987 மே 14-ந் தேதியும் 2000 மே 19-ந் தேதியும் நடந்த ராஜாங்கக் கவிழ்ப்புகளால் இந்திய வம்சத்தார் ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் கூட்டங் கூட்டமாய்ப் புறப்பட்டனர். 1966-ல் தேச ஜனத்தொகையிற் பாதிக்குச் சற்று அதிகமாயிருந்தவர் 2007-ல் நூற்றுக்கு 38-க்கும் குறைந்தனர். உபாத்தியாயரும் வைத்தியரும் கணக்கரும் முதலில் போயினர். கல்விப் பத்திரமும் கைம்முதலும் இல்லாதவர் போக இயலாமல் சூவாவில் வண்டியோட்டிக்கொண்டு இருக்கின்றனர்.