கந்தலில் எஞ்சிய வரலாறு: அஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் இந்தியத் துணிகள்

மன்னர்களின் வரலாற்றை நாணயங்களும் கல்வெட்டுகளும் சொல்லிவிடுகின்றன. எளிய மக்கள் எதை உடுத்தினர், அத்துணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் சான்றுகளோ அரிதாகவே எஞ்சுகின்றன. துணி மக்கிப்போகும் பொருள். இதற்கு விலக்கான ஒரு தொகுப்பு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எலியாஸ் அஷ்மோல் வழங்கிய சேகரிப்பைக் கொண்டு 1683இல் திறக்கப்பட்ட இவ்வருங்காட்சியகம், கிரேக்கப் பளிங்குச் சிற்பங்களுக்கும் ரஃபேல், மைக்கலாஞ்சலோ ஆகியோரின் கோட்டோவியங்களுக்கும் புகழ்பெற்றது. நமது ஆய்வுக்குரியவையோ அங்குள்ள கந்தல் துணிகளே. எகிப்தியல் அறிஞர் பெர்சி நியூபெரியும் அவர்தம் துணைவியாரும் சேகரித்த 2,000க்கும் மேற்பட்ட துணித்துண்டுகள் 1946இல் இங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,200 துண்டுகள், பெரும்பாலும் குஜராத்தில் மரஅச்சு கொண்டு சாயமிடப்பட்ட பருத்தித் துணிகள்.

எகிப்தில் கிடைத்த துணி இந்தியாவினுடையது என்பதை நூலே சொல்கிறது. எகிப்தியர் நூலை ஒரு திசையில் முறுக்கினர்; இந்தியத் துணிகளின் நூல் எதிர்த்திசையில் முறுக்கப்பட்டுள்ளது. அவுரி நீலமும் படிகாரத்தின் துணையால் ஊன்றிய சிவப்பும் இந்தியச் சாயக்காரரின் கைத்திறனைக் காட்டுகின்றன. 1938இல் பிரெஞ்சு மொழியில் நூலெழுதிய ஃபிஸ்தர், இத்தகைய துணிகளின் பூவேலைகளைக் குஜராத் பள்ளிவாசல்களின் கற்செதுக்குகளோடு ஒப்பிட்டுக் காலம் கணித்தார். பின்னர் ரூத் பார்ன்ஸ் இத்தொகுப்பை முழுமையாக ஆராய்ந்து 1997இல் விவர அட்டவணை வெளியிட்டார். கதிரியக்கக் கரிமச் சோதனை, சில துண்டுகளின் காலத்தை முன்பு எண்ணியதைவிட வெகுவாகப் பின்னோக்கி நகர்த்தியது.

இவற்றுள் பல முரட்டு நெசவும் தையலும் கொண்ட அன்றாடத் துணிகள். கடல் வணிகம் என்றதும் மிளகையும் பட்டையும் மட்டுமே எண்ணுகிறோம். அரண்மனைக்கு அப்பால், சாமானியரின் உடலுக்கும் குஜராத்தின் கைவினை போய்ச் சேர்ந்தது என்பதே இக்கந்தல்கள் தரும் செய்தி.

ஆயினும் ஒரு பேரிழப்பை நாம் மறைக்கலாகாது. இத்துணிகள் அகழாய்வில் எடுக்கப்பட்டவை அல்ல. எகிப்தின் பழம்பொருள் வணிகரிடம் வாங்கப்பட்டவை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின் குப்பைமேடுகளிலிருந்து வந்தவை என்பது பொதுவழக்கு. எந்த மேடு, எந்த மண்ணடுக்கு, உடன் கிடந்தது என்ன என்பதற்குப் பதிவில்லை. உடுத்தியவர் யார் என்ற வினாவும் அதனாலேயே விடையின்றி நிற்கிறது.

செங்கடல் துறைமுகமான குஸைர் அல்கதீமில் 1978 முதல் முறையாக நடந்த அகழாய்வுகள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. அங்கும் இந்திய அச்சுத் துணிகள் கிடைத்தன. கிடைத்த இடமும் பதிவாயிற்று. அதே துறையின் உரோமானியர் கால அடுக்குகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் வெளிப்பட்டமை, இக்கடல்வழி இஸ்லாமியர் காலத்திற்கும் முந்தியது என்பதை உறுதிசெய்கிறது.

அருங்காட்சியகம் பொருளைக் காக்கிறது. அதன் பிறப்பிடத்தை மீட்டுத்தர அதனால் இயலாது. பழம்பொருள் எதுவாயினும், கிடைத்த இடத்தையும் சூழலையும் எழுதிவைப்பது பின்வரும் தலைமுறைக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய அமானிதமாகும். அதைத் தவறவிட்டால், எஞ்சுவது அழகிய துணி. தொலைவது அதை அணிந்த மனிதர்.