கவாசாகி நோய்க்கான சுண்டெலி மாதிரி

கவாசாகி நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இரத்தக்குழாய் அழற்சி. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1967-இல் இதை விவரித்தார். சிகிச்சை பெறாதவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத்தமனி புடைத்துவிடுகிறது. உயிரோடிருக்கும் குழந்தையின் தமனியை வெட்டியெடுத்துப் பார்க்க வழியில்லை. ஆகவே ஆய்வு சுண்டெலியை நாடியது. லாக்டோபேசில்லஸ் கேசி பாக்டீரியாவின் செல்சுவர்ச் சாற்றை வயிற்றறைக்குள் ஒருமுறை செலுத்தினால், இரு வாரங்களுக்குள் எலியின் இதயத்தமனியில் அழற்சி தோன்றும். 1985-இல் வெளியான இம்முறை இன்றும் பயன்படுகிறது. இதன் பெரும் பயன், அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூகின்-1 பற்றியது: அதன் ஏற்பி இல்லாத எலிகளுக்கு இந்த அழற்சி உண்டாவதில்லை. வழக்கமான இம்யூனோகுளோபுலின் சிகிச்சை பலிக்காத குழந்தைகளிடம், அந்த ஏற்பியைத் தடுக்கும் அனகின்ரா என்ற மருந்தைச் சோதிக்க அது வலுவான ஆதாரமாயிற்று. ஆனால் எலிக்கு நோயூட்டுவது ஆய்வாளர் செலுத்தும் சாறு; குழந்தைகளிடம் நோயைத் தூண்டும் காரணி இன்னும் கண்டறியப்படவில்லை.