வானத்தின் கூரை – 4: தகட்டில் ஒரு கீறல்

ஏப்ரல் மாத மாலையில் ஹெப்பகோடி மெட்ரோ நடைமேடையில் நின்று ஓசூர் பக்கம் பாருங்கள். இடிமேகம் கோபுரமாய் எழும்பும். உச்சியில் எதிலோ முட்டிக்கொண்டாற்போல, கொல்லன் பட்டடை மாதிரித் தட்டையாய்ப் பரந்துவிடும். அது முட்டுகிற இடம்தான் டிரோபோபாஸ்.

சென்ற வாரம் 1902 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். பாரிஸுக்கு அருகே 236 பலூன்களை ஏற்றிப் பார்த்த டெசரென் த போர், சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் கூடுவது நின்றுபோகிறது என்று பிரெஞ்சு அகாதெமியில் அறிவித்தார். மூன்றே நாளில் பெர்லினில் அஸ்மானும் அதையே சொன்னார். சரி, அது ஐரோப்பாவின் கூரை. நம் தலைக்கு மேல் இருப்பது?

பதில் ஆக்ராவில் கிடைத்தது. அங்கிருந்த மேல்வளி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பலூன்களின் அடியில் சின்னஞ்சிறு கருவி ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். உள்ளே தபால்தலை அளவில் ஓர் உலோகத் தகடு. அழுத்தமும் வெப்பமும் மாற மாற, முள் அதில் மயிரிழைக் கோடு கீறும். மேலே போன பலூன் வெடிக்கும், கருவி எங்கோ ஒரு வயலில் விழும். கண்டெடுத்தவர் கொண்டுவந்து கொடுத்தால் பரிசு. இல்லையென்றால் அந்த நாளின் வானமே தொலைந்த மாதிரிதான். திரும்பி வந்த தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் படிப்பார்கள். முன்பின் அறியாத யாரோ ஒருவர் குனிந்து எடுத்துத் தந்ததில்தான் நம் வானத்தின் கணக்கு நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இந்தக் கீறல்களை உலகின் மற்ற ஊர்களின் அளவுகளோடு சேர்த்துவைத்துப் பார்த்தவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-ல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். கல்கத்தாவில் சி.வி. ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்துவிட்டு, 1925-ல் வானிலைத் துறைக்கு வந்தார். 1929-ல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்ட படம் பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்திருக்கும். துருவங்களின் பக்கம் எட்டு, ஒன்பது கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும் கூரை, நிலநடுக்கோட்டின் மேல் சுமார் 17 கிலோமீட்டர் வரை உயர்ந்திருந்தது. அங்கே வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 88 டிகிரி. அந்த உயரங்களுக்குள் பூமியின் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின் மேல் இல்லை, நம்மைப் போன்ற வெயில் பூமிகளின் மேல் ஒரு தட்டையான வளையமாகச் சுற்றிக் கிடந்தது!

யோசித்தால் நியாயம் புரியும். சுட்ட தரை காற்றை மேலே தள்ளுகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரிய விரியக் குளிர்கிறது. வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு உயரம் வரை ஏற்றம், அவ்வளவு உயரம் வரை குளிர்ச்சி.

வளையத்தை ராமநாதன் கண்டுவிட்டார். அதன் வேலை என்ன என்ற கேள்வி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்து வானத்தில் முளைத்தது. ஆலன் புரூவர் விமானத்தில் கருவி வைத்துக் கூரைக்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்றின் ஈரத்தை அளந்தார். எலும்பாய்க் காய்ந்திருந்தது. அந்த அளவுக்குக் காற்றை உலர்த்த மைனஸ் 80 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். இங்கிலாந்தின் கூரையில் அவ்வளவு குளிர் கிடையாது.

அப்படியானால், இங்கிலாந்துக்கு மேலே அவர் அளந்த காற்று எங்கே போய் உலர்ந்து வந்தது?

(தொடரும்)